பர்லாங்கு: மாடு உழுத சாலின் நீளம்



பர்லாங்கு என்கிற சொல் உங்களில் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். "பஸ் ஸ்டாப்பிலிருந்து ஊர் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால், "ரெண்டு பர்லாங்கு இருக்குமுங்க" என்று சொல்லுவார்கள். சாலையோரத்தில் மைல் கல்லுக்கும் மைல் கல்லுக்கும் நடுவில் சின்னச் சின்னதாகப் பர்லாங்கு கல் நட்டிருக்கும். கிலோமீட்டர் வந்த பிறகு அந்தக் கல்லும் போச்சு, சொல்லும் போய்க்கொண்டிருக்கிறது. இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கேட்டால், பர்லாங்கு என்றால் என்ன என்று நம்மையே திருப்பிக் கேட்கும்.

இது ஏதோ வெள்ளைக்கார இன்ஜினீயர் காகிதத்தில் கோடு போட்டுக் கண்டுபிடித்த அளவு என்றுதான் பலரும் நினைத்திருப்போம். அப்படியில்லைங்க. இது உழவன் உண்டாக்கிய அளவு. மாடும் கலப்பையும் மண்ணும் சேர்ந்து பெற்றெடுத்த சொல் இது. இதோடு கூடப் பிறந்ததுதான் நாம் தினமும் வாயில் சொல்கிற ஏக்கர். இதன் பேரப்பிள்ளைதான் நம்முடைய சென்ட். இந்தக் குடும்பக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால்

இங்கிலாந்து நாட்டில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பேசிய பாஷை இன்றைய இங்கிலீஷ் மாதிரி இருக்காது. இன்றைய இங்கிலீஷ்காரரே அதைப் படித்தால் ஒன்றும் விளங்காது. அந்தப் பழைய பாஷையில் 'ஃபுர்ஹ்' என்றால் உழவுச் சால். 'லாங்' என்றால் நீளம். இரண்டையும் சேர்த்து 'ஃபுர்லாங்' என்றார்கள். அதாவது, 'ஒரு சால் நீளம்'. அவ்வளவுதான் பொருள். அதுதான் நம்ம வாயில் பர்லாங்கு ஆனது.

நம்ம ஊரில் 'கூப்பிடு தூரம்' என்று சொல்கிறோம் அல்லவா? ஒருவர் கூப்பிட்டால் மற்றவர் காதில் விழுகிற தூரம். அந்த மாதிரிதான் இதுவும். மாட்டை ஏரில் பூட்டி இந்த முனையில் கலப்பையை இறக்கினால், அந்த முனையில் தூக்கித் திருப்புகிற வரைக்கும் உள்ள தூரம் ஒரு பர்லாங்கு. பிற்காலத்தில் அது 660 அடி என்று நிலைத்தது. இன்றைய கணக்கில் சுமார் 201 மீட்டர்.

ஏக்கர் என்ற சொல்லும் அந்தக் காலத்துச் சொல்தான். 'அகெர்' என்றால் அவர்களுக்கு வெறும் வயல் என்று அர்த்தம். இத்தனை சதுர அடி என்ற அளவெல்லாம் முதலில் அதில் கிடையாது. லத்தீன் பாஷையில் வயலுக்கு 'ஆகெர்', கிரேக்கத்தில் 'அக்ரோஸ்', சமஸ்கிருதத்தில் 'அஜ்ர'. எல்லாம் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். அக்ரிகல்ச்சர் என்கிறார்களே, அதுவும் இந்த வேரிலிருந்து வந்ததுதான்.

சால் ஏன் இத்தனை நீளம்?

நம்ம நாட்டுக் கலப்பையை ஒரு ஜோடி மாடு இழுத்துவிடும். அது மண்ணைக் கீறிக்கொண்டு போகும், புரட்டிப் போடாது. கையால் தூக்கி, நின்ற இடத்திலேயே திருப்பிக்கொள்ளலாம். அதனால் நம்ம வயல் சின்னதாக, சதுரமாக இருந்தாலும் உழவுக்குச் சிரமமில்லை.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. பல இடங்களில் மண் கனத்த களிமண். வருஷம் முழுக்க மழைத் தூறல், ஈரம். அங்கே மெல்லிய கலப்பை வேலைக்கு ஆகாது. அதனால் கனமான கலப்பை வைத்திருந்தார்கள். முன்னால் மண்ணைச் செங்குத்தாக அறுக்க ஒரு கத்தி. அதன் பின்னால் அடியில் அறுக்கக் கொழு. அதற்கும் பின்னால் அறுத்த மண்ணை ஒரு பக்கமாகப் புரட்டித் தள்ள ஒரு பலகை. இன்றைக்கு டிராக்டரில் மாட்டுகிற, மண்ணைப் புரட்டும் கலப்பைக்கு இதுதான் முன்னோர்.

இந்தக் கனத்த கலப்பையை ஒரு ஜோடி மாடு அசைக்காது. 1086-ஆம் வருஷம் இங்கிலாந்து ராஜா முதலாம் வில்லியம், நாடு முழுக்க நிலம், ஏர், மாடு, ஆலை என்று கணக்கெடுத்து ஒரு பெரிய பதிவேடு எழுத வைத்தார். டூம்ஸ்டே பதிவேடு என்று அதற்குப் பெயர். அதில் ஓர் ஏர் என்றால் எட்டு மாடு என்றுதான் கணக்கு. எல்லாக் குடியானவரிடமும் எட்டு மாடு ஏது? ஒருவர் ரெண்டு மாடு, இன்னொருவர் ஒரு மாடு, வேறொருவர் கலப்பை என்று கொண்டுவந்து, கூட்டு ஏர் கட்டி உழுதார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நாலு ஜோடி மாடு ஒன்றன் பின் ஒன்றாக நீளமாக நிற்கிறது. பின்னால் கனத்த கலப்பை. இதைத் திருப்புவது லேசுப்பட்ட காரியமா? ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் நேரம் போகும், மாடு ஒன்றையொன்று மிதிக்கும், திரும்புகிற இடத்தில் நிலமும் வீணாகும். ஆகவே, எவ்வளவு குறைவாகத் திருப்புகிறோமோ அவ்வளவு நல்லது. அப்படியென்றால் சால் நீளமாக இருக்க வேண்டும். ஆனால் ஒரேயடியாக நீளமாகவும் போக முடியாது. மாடு மூச்சு வாங்கும், நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவில், மாடு ஒரே இழுப்பில் இழுத்து, முனையில் நின்று இளைப்பாறுகிற தூரம்தான் பர்லாங்கு என்று சொல்வார்கள்.

இந்த உழவின் தடம் இன்றைக்கும் அழியவில்லை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நார்தாம்ப்டன்ஷயர், லெஸ்டர்ஷயர், வாரிக்ஷயர் போன்ற மாவட்டங்களில், பிற்காலத்தில் புல் தரையாக விட்டுவிட்ட நிலங்களில், மேடும் பள்ளமுமாக அந்தப் பழைய உழவு அலை அலையாகத் தெரிகிறது. நடுவிலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி உழுததால் மண் நடுவில் ஏறி மேடானது. ஓரம் தாழ்ந்து வடிகால் ஆனது. அந்த மேடுகள் நேர்கோடாகவும் இல்லை. முனைக்கு வருமுன்பே மாட்டை ஒரு பக்கமாக ஒடித்துத் திருப்பத் தொடங்குவார்கள் என்பதால், ரெண்டு முனையிலும் வளைந்து, பாம்பு நெளிந்த மாதிரி இருக்கின்றன. எட்டு மாடு திரும்பிய திருப்பம் இத்தனை நூற்றாண்டு கழித்தும் தரையில் எழுதி வைத்த மாதிரி இருக்கிறது!

ஒரு நாள் உழவு ஓர் ஏக்கர்

நீளம் வந்தாச்சு, அகலம்? நிலம் அளக்க ஒரு கோல் வைத்திருந்தார்கள். அதன் நீளம் பதினாறரை அடி. 40 கோல் நீளம் ஒரு பர்லாங்கு. டூம்ஸ்டே பதிவேட்டை லத்தீனில் எழுதிய கணக்குப்பிள்ளைகள், பர்லாங்கு என்பதை 'நாற்பது' என்று பொருள்படும் சொல்லாலேயே எழுதி வைத்தார்கள்.

இந்த 40 கோல் நீளத்துக்கு 4 கோல் அகலம், அதாவது 66 அடி அகலம் எடுத்தால், அது ஓர் ஏக்கர். 660-ஐ 66-ஆல் பெருக்குங்கள். 43,560 சதுர அடி. இன்றைக்கும் நாம் ஏக்கருக்குச் சொல்கிற கணக்கு அதேதான், ஓர் அடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஓர் ஏர் ஒரு நாளில் உழக்கூடிய நிலம் ஓர் ஏக்கர் என்பது அவர்கள் கணக்கு. இது சரியா என்று சோதித்துப் பார்த்தவர் ஒருவர் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வால்டர் ஆஃப் ஹென்லி என்பவர், பண்ணை நடத்துவது எப்படி என்று ஒரு நூல் எழுதினார். அதில் அவர் கணக்குப் போடுகிறார். 66 அடி அகலத்தை உழ, போகவும் வரவுமாக 36 சுற்று. அப்படியானால் 72 சால். ஒரு சால் ஒரு பர்லாங்கு என்பதால், ஓர் ஏக்கர் உழுது முடிக்கும்போது மாடும் ஆளும் 72 பர்லாங்கு நடந்திருப்பார்கள். எட்டு பர்லாங்கு ஒரு மைல். ஆக 9 மைல்! கிலோமீட்டரில் சொன்னால் பதினாலரை. மாடு இவ்வளவு நடக்குமா என்றால், நடக்கும் என்கிறார் அவர்.

ஏர் பிடித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. கால் வலியில் தெரிந்துகொண்டதுதான். ஆனால் எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து, உழவன் ஒரு நாளில் எத்தனை மைல் நடக்கிறான் என்று எழுதி வைத்தாரே, அது பெரிய விஷயம். ஏக்கர் என்பது வெறும் எண் அல்ல. அதற்குள் 9 மைல் நடை இருக்கிறது.

பேர் ஒன்று, அளவு வேறு

ஆனால் எல்லா ஊரிலும் மண் ஒன்றா? மாடு ஒன்றா? கோலும் ஊருக்கு ஊர் மாறியது. செஷயர் பகுதியில் கோல் 24 அடி. அயர்லாந்து நாட்டில் 21 அடி. கோல் மாறினால் ஏக்கரும் மாறும் அல்லவா? நிலைத்த ஏக்கர் 4,840 சதுர கெஜம். அயர்லாந்து ஏக்கர் 7,840 சதுர கெஜம். செஷயர் ஏக்கரோ 10,240 சதுர கெஜம். இரண்டு மடங்குக்கும் மேலே!

குத்தகைக்குப் பிடிக்கிறவருக்கும், நிலம் வாங்குகிறவருக்கும் இது எத்தனை சங்கடம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'பத்து ஏக்கர்' என்று பேசி முடிப்பார்கள். யாருடைய ஏக்கர் என்று கேட்காதவர் ஏமாந்து போவார்.

அதனால்தான் 1300-ஆம் வருஷத்தை ஒட்டிய காலத்திலேயே அரசாங்கத்தில் ஒரு விதி எழுதினார்கள். மூன்று வாற்கோதுமை மணி ஓர் அங்குலம். பன்னிரண்டு அங்குலம் ஓர் அடி. மூன்று அடி ஒரு கெஜம். ஐந்தரை கெஜம் ஒரு கோல். 40 கோல் நீளமும் 4 கோல் அகலமும் ஓர் ஏக்கர். பாருங்கள், அங்குலத்துக்கும் தானியம்தான் ஆதாரம்! அப்படியும் ஊர் வழக்கம் உடனே மாறிவிடவில்லை. 1824-ல் நாடு முழுவதற்கும் ஒரே அளவு என்று சட்டம் போட்ட பிறகும் பழைய ஏக்கர்கள் கொஞ்ச காலம் வழக்கில் இருந்தன.

ராணி மைலை மாற்றினார், சாலை மாற்றவில்லை

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். மைல் என்பது ரோமாபுரிக்காரர்கள் அளவு. ஆயிரம் தப்படி என்று அர்த்தம். ஒரு தப்படிக்கு ஐந்து அடி. ஆக, மைலுக்கு 5,000 அடி. அந்த மைலில் எட்டில் ஒரு பங்குக்கு 'ஸ்டேடியம்' என்று பெயர். லத்தீன் புத்தகங்களை இங்கிலீஷில் பெயர்த்தவர்கள், ஸ்டேடியம் வந்த இடத்தில் எல்லாம் தங்களுக்குத் தெரிந்த பர்லாங்கையே போட்டார்கள். 1611-ல் வெளிவந்த இங்கிலீஷ் பைபிளில்கூட, எருசலேமிலிருந்து எம்மாவு கிராமம் அறுபது பர்லாங்கு தூரம் என்றுதான் இருக்கிறது.

இதனால் ஒரு குழப்பம் வந்தது. எட்டு பர்லாங்கு ஒரு மைல் என்றால், 5,000-ஐ எட்டால் வகுத்து ஒரு பர்லாங்கு 625 அடி என்று வர வேண்டும். ஆனால் உழவன் பர்லாங்கு 660 அடி. எதை மாற்றுவது? பர்லாங்கை மாற்றினால் ஏக்கர் மாறும். ஏக்கர் மாறினால் நாட்டிலுள்ள அத்தனை நிலப் பத்திரமும், குத்தகையும், வரியும் தலைகீழாகும். ஆகவே பர்லாங்கைத் தொடவில்லை. மைலை நீட்டினார்கள். 1593-ல் எலிசபெத் ராணி காலத்துச் சட்டம் ஒன்றில், மைல் என்றால் எட்டு பர்லாங்கு, பர்லாங்கு என்றால் 40 கோல், கோல் என்றால் பதினாறரை அடி என்று எழுதிவிட்டார்கள். எட்டு அறுநூற்று அறுபது 5,280 அடி. இந்த ஒழுங்கில்லாத எண் எங்கேயிருந்து வந்தது என்று பள்ளிக்கூடத்தில் நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உழவன் சாலுக்கு ராஜாங்கத்து மைல் வளைந்து கொடுத்ததால் வந்த எண் அது.

சங்கிலியும் சென்டும்

1620-ல் எட்மண்ட் கண்டர் என்ற இங்கிலாந்துக் கணித அறிஞர் நிலம் அளக்க ஒரு சங்கிலி செய்தார். அதன் நீளம் 66 அடி, அதாவது ஏக்கரின் அகலம். அதில் 100 கண்ணி. நீளத்தில் பத்து சங்கிலி ஒரு பர்லாங்கு. அகலத்தில் ஒரு சங்கிலி. ஆக, பத்து சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். எத்தனை சுலபம் பார்த்தீர்களா? கோலில் இருந்த நாலும் நாற்பதும் போய், எல்லாம் பத்தும் நூறும் ஆகிவிட்டது.

ஓர் உதாரணம். வயல் நீளம் 5 சங்கிலி 20 கண்ணி. அகலம் 2 சங்கிலி 50 கண்ணி. 5.20-ஐ 2.50-ஆல் பெருக்கினால் 13 சதுரச் சங்கிலி. பத்தால் வகுத்தால் 1.30. அதாவது 1 ஏக்கர் 30 சென்ட். நம்ம சென்ட் இங்கேதான் வருகிறது. ஏக்கரில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். ஆயிரம் சதுரக் கண்ணி. அடியில் சொன்னால் 435.6 சதுர அடி. இந்த 435.6 என்ற எண்ணும் எட்டு மாட்டுக் கலப்பையின் சாலிலிருந்து வந்ததுதான்.

இன்னொன்று. கிரிக்கெட் ஆட்டத்தில் ரெண்டு பக்கத்து ஸ்டம்புக்கும் நடுவே 22 கெஜம் என்பார்கள் அல்லவா? அதுவும் 66 அடிதான். ஒரு சங்கிலி. பிள்ளைகள் பந்து போடுகிற தூரம், ஓர் ஏக்கரின் அகலம்!

பொதுவில் உழுத காலம்

பர்லாங்குக்கு இன்னொரு பொருளும் உண்டு. அந்தக் காலத்து இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் ரெண்டு மூன்று பெரிய திறந்த வயல்கள் இருக்கும். வேலி கிடையாது. ஒரு வயலில் கோதுமை, ஒன்றில் பார்லி, ஓட்ஸ், பட்டாணி, அவரை. மூன்றாவது வயலை அந்த வருஷம் ஆறப்போட்டு ஆடு மாடு மேய விடுவார்கள். வருஷா வருஷம் மாறி வரும். ஒவ்வொரு பெரிய வயலுக்குள்ளும் நீளப் பட்டைகள் பக்கம் பக்கமாக இருக்கும். ஒரே திசையில் சால் ஓடும் பட்டைகளின் தொகுதிக்கும் பர்லாங்கு என்றுதான் பெயர். நம்ம ஊரில் மேட்டுக்காடு, பள்ளத்து வயல் என்று பெயர் வைத்து அழைப்பதைப் போல, ஒவ்வொரு பர்லாங்குக்கும் ஒரு பெயர் இருந்தது.

ஒரு குடியானவருடைய பட்டைகள் ஒரே இடத்தில் இருக்காது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று சிதறி இருக்கும். நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லாருக்கும் வந்து சேரும். அறுவடை முடிந்ததும் எல்லா வயலிலும் ஊர் மாடு மேயலாம். பயிர் நிற்கும்போது மாடு இறங்காமல் பார்த்துக்கொள்ள ஊர்க் காவல்காரர் ஒருவர் உண்டு. இறங்கிய மாட்டைப் பிடித்து அடைக்கிற இடத்துக்குப் 'பவுண்டு' என்று பெயர். ஆமாங்க, நம்ம ஊர்ப் பவுண்டுதான்! அதுவும் பழைய இங்கிலீஷ் சொல்லே.

அடுத்தவர் பட்டையில் ஒரு சால் சேர்த்து உழுதால் ஊர்க் கூட்டத்தில் அபராதம். வரப்புச் சண்டை நமக்கு மட்டும் சொந்தமில்லை. நாட்டிங்காம்ஷயரில் லாக்ஸ்டன் என்ற கிராமத்தில் இந்தத் திறந்த வயல் முறை இன்றைக்கும் நடக்கிறது. வருஷம் ஒரு தடவை ஊர் ஜூரிகள் வயலைச் சுற்றிப் பார்த்து, பொதுப் புல் வரப்பைத் தாண்டி உழுதவருக்கு அபராதம் போடுகிறார்கள்.

அளவு வந்தது, நிலம் போனது

லாக்ஸ்டன் போல மற்ற ஊர்கள் ஏன் இல்லை? இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

பெரிய நிலக்காரர்கள், சிதறிக் கிடக்கும் பட்டைகளை ஒன்றாக்கி வேலி போட விரும்பினார்கள். ஆட்டுக் கம்பளிக்கு நல்ல விலை கிடைத்த காலத்தில் உழவு நிலத்தையே மேய்ச்சலாக்கினார்கள். எதிர்த்து 1549-லும் 1607-லும் ஜனங்கள் கிளர்ச்சி செய்து வேலிகளைப் பிடுங்கினார்கள். அடக்கிவிட்டார்கள். அப்புறம் பார்லிமென்ட் சட்டம் மூலமாகவே வேலி போடுவது வழக்கமானது. 1604-லிருந்து 1914 வரைக்கும் 5,200-க்கு மேல் வேலியடைப்புச் சட்டங்கள். அவற்றால் அடைபட்ட நிலம் சுமார் 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்.

எப்படி நடக்கும்? ஊரில் பெரும்பகுதி நிலம் வைத்திருப்பவர்கள் சம்மதித்தால் போதும். தலையை எண்ணவில்லை, நிலத்தை எண்ணினார்கள். 1774-லிருந்து சர்ச் கதவில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும் என்று விதி வந்தது. படிக்கத் தெரிந்தவன் படித்தான். பிறகு கமிஷனர்கள் வருவார்கள், சர்வேயர் சங்கிலியோடு வருவார், படம் போடுவார்கள். உரிமைக்குக் காகிதம் காட்டியவருக்கு நிலத்தைப் பிரித்துக் கொடுப்பார்கள். பரம்பரையாக ஒரு மாடு மேய்த்தவன், சுள்ளி பொறுக்கியவன், "எங்க அப்பன் காலத்திலிருந்து வழக்கமுங்க" என்று சொன்னால் அது எடுபடவில்லை. சின்னத் துண்டு கிடைத்தவரும், வேலி போடும் செலவும் சட்டச் செலவும் தாங்காமல் பெரியவரிடமே விற்றுவிட்டார்.

ஒரு பக்கம் மட்டும் சொன்னால் நியாயமாகாது. வேலி போட்ட நிலத்தில் வடிகால் வெட்டினார்கள், புதுப் பயிர்ச் சுழற்சி கொண்டுவந்தார்கள், பல இடங்களில் விளைச்சல் கூடியது. ஆனால் அந்த விளைச்சலைத் தன் களத்தில் பார்க்க முடியாமல் கூலிக்காரராகப் போனவர்கள் ஏராளம். உழவன் நடையில் பிறந்த அளவைக் கொண்டே அவன் நிலம் அவனிடமிருந்து பிரிந்தது. சங்கிலியின் மேல் குற்றமில்லைங்க. சங்கிலி யார் கையில் இருந்தது, கணக்கு யாருக்குப் புரிந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நம்ம பட்டாவில் உள்ள ஏர்

இந்த ஏக்கரும் சங்கிலியும் வெள்ளைக்காரர் ஆட்சியில் நம்ம ஊருக்கும் வந்து சேர்ந்தன. சென்னை மாகாணத்தில் 1858-லிருந்து முறையான நில அளவை நடந்தது. வேலி, மா, குழி, காணி என்று இருந்த நிலங்களை ஏக்கர் சென்டில் எழுதினார்கள். 1923-ல் அளவை, எல்லைகள் சட்டம் வந்தது. சர்வே கல் நட்டார்கள். 1956-ல் மெட்ரிக் முறைக்குச் சட்டம் வந்த பிறகு பர்லாங்கு விடைபெற்றது. குதிரைப் பந்தயத்தில் மட்டும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இன்றும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது உங்கள் பட்டாவை எடுத்துப் பாருங்கள். 'ஹெக்டேர் – ஏர்' என்று போட்டிருக்கும். இந்த ஏர் நம்ம கலப்பை ஏர் அல்ல. 1795-ல் பிரான்ஸ் நாட்டில் சட்டப்படி வகுத்த அளவு. 100 சதுர மீட்டர் ஓர் ஏர். ஆனால் அது பிறந்த லத்தீன் சொல்லுக்கு என்ன பொருள் தெரியுமா? வெட்டவெளி, கதிரடிக்கும் களம்! உழவனை விட்டு விலகிப் போன அளவும் கடைசியில் களத்தில்தான் வந்து நிற்கிறது.

இந்தக் கணக்கை வீட்டில் உள்ள பிள்ளைகளை விட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

ஒரு சென்ட் – 435.6 சதுர அடி.
ஒரு ஏர் – ஏறக்குறைய 2.47 சென்ட்.
ஓர் ஏக்கர் – 100 சென்ட், ஏறக்குறைய 40.47 ஏர்.
ஒரு ஹெக்டேர் – 100 ஏர், ஏறக்குறைய 2.47 ஏக்கர்.
ஐந்து பர்லாங்கு – ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்.

பட்டாவில் 0 ஹெக்டேர் 81 ஏர் என்று இருந்தால், 81-ஐ 2.47-ஆல் பெருக்குங்கள். 200 சென்ட், அதாவது ரெண்டு ஏக்கர். கிரையப் பத்திரத்தில் எழுதியிருப்பதும் பட்டாவில் இருப்பதும் ஒத்து வருகிறதா என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். புலப்படத்தில் காட்டியிருக்கும் கல் வயலில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் இருந்தால், பாகம் பிரிக்கிற நாளிலோ விற்கிற நாளிலோ அல்ல, இப்போதே தாலுகா ஆபீசில் மனு எழுதிக் கொடுங்கள். சர்ச் கதவு நோட்டீசைப் படிக்க முடியாமல் நிலத்தை விட்டவர்கள் கதை நமக்கு அதைத்தான் சொல்கிறது. வழக்கம் வாயில் இருந்தால் போதாது. கணக்கு கையில் இருக்க வேண்டும்.

பர்லாங்கு கல் போய்விட்டது. ஆனால் அந்த 66 அடியும் 660 அடியும் உங்கள் ஒவ்வொரு சென்டுக்குள்ளும் இருக்கின்றன. இனி யாராவது 'ஏக்கர் என்ன விலை?' என்று கேட்டால், அந்த ஏக்கர் ஒரு நாள் முழுக்க எட்டு மாடும் அதன் பின்னால் ஓர் உழவனும் 9 மைல் நடந்த நடை என்பதை நினைத்துக்கொண்டு, பிறகு விலை சொல்லுங்கள்.